அம்மாவுக்குக் கையில்தான் ஆபரேஷன்

எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் அம்மாவுக்குக் கையில்தான் ஆபரேஷன் என்று சொல்வார்கள். நாங்கள் சொன்னதைத்தான் அவர்கள் சொன்னார்கள். முதல் தடவை பெங்களூர் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தபோது, மாங்காய் மண்டியில் யாரோ அத்தாவிடம், என் அப்பாவிடம், "வீட்ல என்ன உடம்புக்கு?" என்று கேட்டிருக்கிறார்கள். சுற்றிலும் ஆட்கள். தராசில் மாங்காய்க் கூடை ஏறிக்கொண்டிருக்கிறது. அத்தா, "கையில ஒரு கட்டி" என்றார். அவ்வளவுதான். சாயங்காலத்துக்குள் அது கிருஷ்ணகிரி பழையபேட்டை முழுக்கப் பரவிவிட்டது. அம்மாவுக்கும் அது வசதியாகவே இருந்தது. கை என்றால் முற்றத்தில் உட்கார்ந்து நாலு பேரிடம் பேசலாம்.

எங்கள் வீட்டில் அந்த இடத்துக்குப் பெயரே கிடையாது. பள்ளிக்கூடத்துப் பாடப்புத்தகத்தில் நான் படித்த சொல்லை வீட்டுக்குள் ஒருநாளும் சொன்னதில்லை. அம்மா "இந்தப் பக்கம்" என்பாள். அத்தா அதுவும் சொல்ல மாட்டார்.

இரண்டு வருஷம் கழித்துப் பழைய தழும்பின் ஓரத்திலேயே மறுபடி கட்டி தட்டுப்பட்டது. அம்மாவுக்கு அது முதலிலேயே தெரிந்திருக்கிறது. யாரிடமும் சொல்லவில்லை. மாம்பழ சீசன், அத்தா மண்டியே கதி என்று இருந்தார். நான் ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்து, நாலு பேரோடு ஓர் அறையில் தங்கியிருந்தேன். வார லீவுக்கு வந்தால் சாப்பிட்டுத் தூங்குவேன். "ஊட்ல இருக்கறது ரெண்டு ஆம்பளைங்க. சொவத்துக்கிட்ட சொல்லவா?" என்று பின்னால் ஒருமுறை கேட்டாள். கடைசியில் மாமியிடம்தான் சொன்னாள். மாமி அத்தாவுக்கு அக்கா, ராயக்கோட்டையில் வாழ்க்கைப்பட்டவள். அவள் வீட்டுக்காரருக்குத் தக்காளி வியாபாரம். ஒரு கல்யாணத்துக்கு வந்த இடத்தில், பின்கட்டில் வைத்து அம்மா ரவிக்கையை விலக்கிக் காட்டியிருக்கிறாள். மாமி கல்யாணச் சாப்பாடு சாப்பிடாமலேயே அத்தாவைத் தேடிப் போனாள்.

அத்தா கம்பெனி வாசலுக்கே வந்துவிட்டார். கேட்டில் இருந்த வாட்ச்மேன் ஆள் விட்டுக் கூப்பிட்டார். மாங்காய்ப் பால் கறை படிந்த மண்டிச் சட்டையோடு அத்தா லாரிகள் போகும் வழியில் ஒதுங்கி நின்றுகொண்டிருந்தார். "அம்மாவுக்கு மறுபடியும்" என்றார். லீவு சொல்லிவிட்டு வந்தேன்.

எங்கள் குடும்பத்தில் ஐந்தாம் வகுப்பைத் தாண்டியவன் நான்தான். டிப்ளமோ வரைக்கும் வந்தவனும் நான்தான். அதனால் ஆஸ்பத்திரியில் வீட்டுக்காகப் பேசுகிற வாய் என்னுடையது. டாக்டரம்மா கன்னடத்திலும் இங்கிலீஷிலும் மாற்றி மாற்றிச் சொன்னார். இந்தத் தடவை கட்டியை மட்டும் எடுத்தால் போதாது. அந்தப் பக்கம் முழுவதையும் எடுக்க வேண்டும், அக்குளில் உள்ள சுரப்பிகளையும் வழித்தெடுக்க வேண்டும் என்றார். அத்தா ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அம்மாவிடம் குனிந்து, "இந்தப் பக்கம் முழுசா எடுத்துருவாங்களாம்மா. அக்குள்ல நெறி கட்டும் இல்ல, அந்த நெறியும் எடுத்துருவாங்களாம்" என்றேன்.

அம்மா இடது கையால் வலது அக்குளைத் தடவிப் பார்த்தாள்.

"நெறிய எடுத்துட்டா, அப்புறம் கையில புண்ணு வந்தா எங்க கட்டும்?"

அதை நான் டாக்டரம்மாவிடம் சொன்னேன். அவர் எழுதுவதை நிறுத்தினார். எங்கும் கட்டாது, அதுதான் கஷ்டம் என்றார். புண்ணைத் தடுத்து நிறுத்த அந்தக் கையில் இனிமேல் ஒன்றும் இருக்காது. ஊசி போடக்கூடாது, சூடு படக்கூடாது, அழுத்திப் பிடிக்கக்கூடாது, கத்தி கீறக்கூடாது. ஆயுசுக்கும் அப்படித்தான். ஒவ்வொன்றாகச் சொன்னேன். அம்மா தன் வலது கையை மடியில் வைத்து இன்னொருத்தர் கையைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். "பச்சப் புள்ளய வச்சிக்கற மாதிரி வச்சிக்கணும்னு சொல்லு" என்றாள்.

"இனிமே வராதான்னு கேளு" என்றார் அத்தா. அன்று அவர் கேட்டது அது ஒன்றுதான்.

கேட்டேன். "பார்க்கலாம்னு சொல்றாங்க அத்தா."

"மண்டிக்காரங்க மாதிரியே பேசறாங்க" என்றாள் அம்மா.

ஆபரேஷனுக்குப் பிறகு விலாவிலிருந்து ஒரு ரப்பர் குழாய் வந்து கட்டிலுக்குக் கீழே ஒரு பாட்டிலில் முடிந்தது. முதலில் சிவப்பாகவும் பிறகு கழுநீர் மாதிரியும் அதில் சேர்ந்துகொண்டே இருந்தது. கன்னடத்து நர்ஸ் ஒருத்தி, என்னைவிடச் சின்னவள், "நோவு இத்யா அம்மா?" என்று வலியைக் கேட்பாள். அம்மாவுக்குச் சந்தைக் கன்னடம் வரும். "இல்ல, இல்ல" என்பாள். "சுள்ளு ஹேளபேடி" என்று, பொய் சொல்லாதீங்க என்று, அந்தப் பெண் சிரித்துக்கொண்டே அம்மாவின் கையைப் பிடித்து மெல்ல உயர்த்துவாள். தோள் மட்டத்துக்குக் கீழேயே அம்மாவின் வாய் கோணிவிடும். வீட்டுக்குப் போனதும் சுவரில் விரல்களை வைத்து ஏற்ற வேண்டும், தினமும் கொஞ்சம் மேலே, இல்லாவிட்டால் தோள் இறுகிவிடும் என்று சொல்லிக் கொடுத்தாள்.

பஸ்ஸில் வரும்போது அம்மாவை ஜன்னலோரம் உட்காரவைத்து, வலது அக்குளுக்கு ஒரு தலையணை கொடுத்து, யாரும் இடிக்காதபடி நான் நடுவில் உட்கார்ந்தேன். அத்திப்பள்ளி செக்போஸ்ட்டில் பஸ் நின்றபோது முன்சீட்டு அம்மாள் ஒருத்தி திரும்பி, "கைக்கு என்னம்மா?" என்று கேட்டாள்.

"வழுக்கி வுழுந்துட்டன்" என்றாள் அம்மா.

"எண்ணெ போட்டு நீவுனா சரியாப்பூடும்."

"ஆமாம்மா."

நானும் தலையாட்டினேன்.

வீட்டுக்கு வந்தபின் மாமி ராயக்கோட்டையிலிருந்து வந்து தங்கினாள். குழாயை எடுத்த துளையிலிருந்து இன்னும் கசிந்துகொண்டிருந்தது. துணி மாற்றுவது, உடம்பு துடைப்பது, தலை வாருவது எல்லாம் மாமிதான். எல்லாம் திட்டிக்கொண்டேதான். "எங்கூட்டு தக்காளி கூட இவ்ளோ தண்ணி வுடாது" என்பாள். அம்மா சிரித்தால் தையல் இழுக்கும். "சிரிக்க வெக்காதீங்க மதினி" என்று கெஞ்சுவாள்.

ஒன்றை நான் கவனித்தேன். பள்ளிவாசலில் பாங்கு சொன்னால் அம்மா முந்தானையைத் தலைக்கு இழுத்துக்கொள்வாள். அதோடு சரி. தொழுகைப் பாய் சுருட்டியபடியே அலமாரிமேல் இருந்தது. எனக்கு நினைவு தெரிந்து அம்மா ஒரு வக்துத் தொழுகை விட்டதில்லை.

"ஏம்மா தொழுவறதில்ல?"

"எப்புட்றா தொழுவறது? ஓயாம வழிஞ்சிக்கிட்டு இருக்குது. கை கால் கழுவி எடுக்கற ஒளு நிக்காது. இந்த அசுத்தத்தோட எப்புடிப் போயி நிக்கறது?"

இதற்கு மார்க்கச் சட்டம் என்ன என்று மாமிக்கும் தெரியவில்லை. பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் கேட்கலாம் என்றேன். அம்மா பதறினாள். "என்னன்னு கேப்ப? எதச் சொல்லிக் கேப்ப?"

"கைன்னே சொல்றன்" என்றேன்.

மதியம் லுஹர் தொழுகை முடிந்து எல்லோரும் போனபின் ஹஜ்ரத்திடம் போய் உட்கார்ந்தேன். அம்மாவுக்கு ஆபரேஷன் ஆனது, நீர் கசிந்துகொண்டே இருப்பது, எல்லாம் சொன்னேன். "எந்த எடத்துல?" என்றார். தரையில் விரித்திருந்த பாயின் ஓரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். மறுபடி கேட்கவில்லை. "ஓயாம கசியறவங்களுக்கு ஒவ்வொரு வக்துக்கும் ஒரு ஒளு போதும், தம்பி. அந்த வக்து முடியற வரைக்கும் அது செல்லும். கட்டு இருந்தா மேல ஈரக்கையால தடவிக்கலாம். குனிய முடியலன்னா உக்காந்து தலை அசைச்சித் தொழுவலாம். முடிஞ்சது போதும்னு அம்மாகிட்ட சொல்லு" என்றார். நான் எழுந்தபோது, "துவா செய்றன்" என்றார், மெதுவாக.

அம்மா அன்று சாயங்காலம் அஸருக்கே தொழுதாள். ஸ்டூலில் உட்கார்ந்து, ருகூவுக்குக் கொஞ்சம் குனிந்து, நெற்றி தரையில் படவேண்டிய சஜ்தாவுக்கு இன்னும் கொஞ்சம் குனிந்து. முடித்ததும் சந்தோஷப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். "சட்டம் சரிதான்" என்றாள். "ஆனா நெத்தி தரையில படலையே. எனக்குத் தொழுத மாதிரியே இல்ல."

அதற்கப்புறம் அம்மாவுக்கு இருந்தது ஒரே ஒரு ஆசைதான். மருந்து எதற்கு, வடு ஆறிற்றா, மறுபடி வருமா என்றெல்லாம் அவள் கேட்கவே இல்லை. நெற்றி தரையில் பட வேண்டும். அதற்கு இரண்டு கையையும் ஊன்ற வேண்டும். வலது கை ஊன்றினால் மடங்கிற்று. அதனால் அவள் சுவரைப் பிடித்துக்கொண்டாள். நீலச் சுண்ணாம்பு அடித்த சுவரில் விரல்கள் ஒன்றின்பின் ஒன்றாக ஊர்ந்து ஏறும். ஓர் இடத்தில் நிற்கும். கண்ணை மூடிக்கொள்வாள். இன்னும் ஒரு விரற்கடை ஏறும். "உங்கம்மா பல்லியாயிட்டா பாரு" என்பாள் மாமி. "நோம்பு பொறந்தா நான் கீழதான் தொழுவேன் மதினி" என்று அம்மா பதில் சொல்வாள். ரம்ஜானுக்கு இன்னும் நாள் இருந்தது. கை தோளைத் தாண்டி ஏறத் தொடங்கியிருந்தது. எனக்கே நம்பிக்கை வந்துவிட்டது. லீவு முடிந்து ஓசூருக்குப் போனேன். மாமியும் தக்காளி ஏலத்தில் ஆள் போதவில்லை என்று ராயக்கோட்டைக்குக் கிளம்பினாள்.

எதிர்வீட்டில் ஒரு தெலுங்கம்மா இருந்தாள். சுளுக்கு நீவுவதில் கைராசிக்காரி என்று பெயர். மூட்டை தூக்கிப் பிடித்துக்கொண்டவர்கள், கம்பெனியில் இரும்பு தூக்கித் தோள் விட்டவர்கள் எல்லாம் அவளிடம்தான் வருவார்கள். காசு வாங்க மாட்டாள். அம்மா சுவரில் கையை ஏற்றி முகம் சுளிப்பதை வாசல் வழியாக எத்தனை நாள் பார்த்துக்கொண்டிருந்தாளோ, ஒருநாள் வேப்பெண்ணெயைக் காய்ச்சி எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். "நரம்பு பிசகியிருக்கு. ஆஸ்பத்திரிக்காரன் வெட்டுவான், நீவ மாட்டான். குடு கைய" என்று உட்கார்ந்து, சூட்டோடு எண்ணெய் தடவி, மணிக்கட்டிலிருந்து தோள்வரை கட்டைவிரலால் அழுத்தி நீவியிருக்கிறாள். மறுநாள் வறுத்த தவிட்டைத் துணியில் முடிந்து ஒத்தடம். அதற்கு மறுநாளும் எண்ணெய்.

அடுத்த வார லீவுக்கு நான் வந்தபோது அம்மா குளிர்க் காய்ச்சலில் கிடந்தாள். வலது கை தோளிலிருந்து விரல்வரை சிவந்து, பளபளவென்று, தொட்டால் கொதித்தது. விரல்கள் மடங்கவில்லை. ரவிக்கைக் கையைக் கத்தரிக்கோலால் வெட்டித்தான் கழற்ற முடிந்தது. அத்தா தெரிந்தவர் ஒருவருடைய காரைப் பிடித்துவந்தார். பெங்களூர் வரைக்கும் அம்மா கையை என் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். ஈர மூட்டைபோலக் கனத்தது.

டாக்டரம்மாவுக்குக் கோபம். யார் அழுத்தியது, யார் சூடு வைத்தது என்று கேட்டார். நான் தமிழில் கேட்டேன்.

"நல்ல மனசோட வந்தா" என்றாள் அம்மா. "வேணாம்னா, ஏன் வேணாம்னு கேப்பா. கைக்குத்தான் ஆபரேஷன்னு நாமளே சொல்லியிருக்கோம். கை நோவுக்கு நீவ வந்தவள எதச் சொல்லித் திருப்பி அனுப்பறது?"

இதை நான் இங்கிலீஷில் சொல்லிப் பார்த்தேன். சொற்கள் எல்லாம் சரியாகவே வந்தன. டாக்டரம்மாவுக்குப் புரியவில்லை. அவர் அத்தாவைப் பார்த்தார். அத்தா ஜன்னலைப் பார்த்தார்.

காய்ச்சல் இறங்கியது. சிவப்பும் வடிந்தது. வீக்கம் வடியவில்லை. இனி குறையலாம், கூடலாம், பழையபடி ஆகாது என்று சொல்லி அனுப்பினார்கள். கட்டி என்று அத்தா அன்று மண்டியில் சொன்ன கையில் அதுவரை ஒன்றுமே இல்லை. இப்போது தெருவில் யார் பார்த்தாலும் தெரிகிற மாதிரி கைதான் நோயாகிவிட்டது.

மாமி திரும்பி வந்தாள். எதிர்வீட்டைப் பார்த்து வாசலில் நின்று கத்தப் போனவளை அம்மாதான் இழுத்தாள். "அவள ஒண்ணும் சொல்லாதீங்க மதினி."

நாலைந்து நாள் கழித்து அந்தத் தெலுங்கம்மாவே வந்தாள். கையில் எண்ணெய்க் கிண்ணம். "எங்க போயிட்டீங்க எல்லாரும்? விட்டு விட்டு நீவுனா இப்படித்தான் வீங்கும். தொடர்ந்து நீவணும்" என்றபடி உட்காரப் போனாள். நான் எழுந்தேன். அம்மா என்னைப் பார்த்து, "தம்பி, கொஞ்சம் வெளிய இரு" என்றாள். "கதவச் சாத்திட்டுப் போ."

வாசற்படியில் உட்கார்ந்தேன். உள்ளே துணி சரசரத்தது. பிறகு அந்தம்மா தெலுங்கில், "அய்யோ, தேவுடா" என்றாள். கிண்ணத்தைத் தரையில் வைக்கிற ஓசை கேட்டது.

"எப்போ?"

"ரெண்டு தரம். இப்ப நெறியோட வழிச்சி எடுத்துட்டாங்க."

"நாலு வீடு தள்ளி இருந்தாலும் பரவால்ல. எதுர்ல இருக்கறவகிட்டயா மறைச்ச? இந்தக் கையால நான்..."

"நீ என்னா பண்ணுவ. நாங்க சொல்லல. அழாத. எனக்கு ஒத்தக் கைதான், ரவிக்கயப் போடறதா, உன் கண்ணத் தொடைக்கறதா?"

கதவைத் திறந்து வெளியே வந்தவள் என்னைக் கடந்து போனாள். கிண்ணத்தை உள்ளேயே விட்டுவிட்டாள். அதன்பின் தினமும் வந்தாள். அம்மாவைத் தொட மாட்டாள். தன் இரண்டு கையையும் மடிக்குள் வைத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்திருப்பாள். தண்ணீர்க் குடம் நிரப்பிக் கொடுத்துவிட்டுப் போவாள்.

ரம்ஜான் பிறை தெரிந்தது. அம்மாவுக்கு நோன்பு வேண்டாம் என்று டாக்டரம்மா முன்பே சொல்லியிருந்தார். தொழுகை ஸ்டூலில்தான். கையைக் கழுத்தோடு ஒரு துணியில் தொங்கவிட்டிருந்தாள். சுவர்ப் பக்கம் போவதை நிறுத்திவிட்டாள். சஜ்தாவைப் பற்றியும் பேசுவதில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. அஸர் நேரம். அத்தா பள்ளிவாசலிலிருந்து வந்து முகம் துடைத்துக்கொண்டிருந்தார். மாமி அடுப்படியில் நோன்புக் கஞ்சிக்கு இஞ்சி நசுக்கிக்கொண்டிருந்தாள். உள்ளறைத் திரைச்சீலை பாதி ஒதுங்கியிருந்தது. அம்மா ஸ்டூலை ஓரமாகத் தள்ளிவிட்டு நின்று தொழுவதை அப்போதுதான் பார்த்தேன். கழுத்துத் துணியைக் கழற்றியிருந்தாள். வீங்கிய கை பக்கவாட்டில் தொங்கிற்று.

ருகூவிலிருந்து நிமிர்ந்தாள். இடது கையை ஊன்றி, ஒரு முழங்கால், அடுத்த முழங்கால் என்று இறங்கினாள். வலது கையை, கூட வரமாட்டேன் என்கிற ஒன்றை இழுப்பதுபோல, பாயில் கொண்டுவந்து வைத்தாள். அது ஊன்றவில்லை, சும்மா கிடந்தது. இடது முழங்கை மெல்ல மடங்கியது. நெற்றி தரையில் பட்டது.

நான் அத்தாவைப் பார்த்தேன். அவரும் பார்த்துக்கொண்டிருந்தார்.

அம்மா எழுந்திருக்கவில்லை.

ஒரு சஜ்தாவுக்கு ஆகிற நேரம் போய்விட்டது. அதற்கு மேலும் போயிற்று. முதுகு மட்டும் ஏறி இறங்கிற்று. தொழுகிறவளைக் கூப்பிடக்கூடாது. மாட்டிக்கொண்டாளா, வேண்டுமென்றேதான் இருக்கிறாளா என்று தெரியவில்லை. அத்தா ஓர் அடி எடுத்து வைத்து, நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். மாமி வந்து எட்டிப் பார்த்தாள். இஞ்சி வாசம் அடிக்கிற கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். அம்மாவைத் தொடாமல், பக்கத்தில், தரையில் உட்கார்ந்தாள்.

கொஞ்ச நேரம் கழித்து அம்மா இடது பக்கமாகச் சாய்ந்தாள். முழங்கையில் உந்தி, புரண்டு, எப்படியோ உட்கார்ந்தாள். அடுத்த சஜ்தாவுக்குத் தலையை மட்டும் அசைத்தாள். மிச்ச ரக்அத்துகளையும் உட்கார்ந்தபடியே முடித்து இரண்டு பக்கமும் ஸலாம் கொடுத்தாள். நெற்றியில் பாயின் கோரை பதிந்திருந்தது.

"என்னாச்சு?" என்றார் அத்தா, வாசலில் நின்றபடியே.

"ஒண்ணுமில்ல. எறங்கிட்டன். ஏறத்தான் வழி தெரியல."

"நான் நீ தூங்கிட்டன்னு நெனச்சன்" என்றாள் மாமி.

அம்மா சிரித்தாள். சிரிப்பு பாதியிலேயே மாறிவிட்டது. முதல் ஆபரேஷன், இரண்டாவது ஆபரேஷன், கை வீங்கிய நாள், எதிலும் அம்மா அழுது நான் பார்த்ததில்லை. அன்றுதான் பார்த்தேன். அத்தா திரைச்சீலையை இழுத்துவிடப் போய், இழுக்காமல் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார்.

"அவ்ளோ கிட்டத்துல போயும் கேக்கறதுக்கு ஒண்ணும் வரல மதினி" என்றாள் அம்மா. "கையக் கேக்கறதா, உசுரக் கேக்கறதான்னே தெரியாம கெடந்தன்."

மாமி அம்மாவின் வலது கையை அடியில் தாங்கி, கழுத்துத் துணியில் எடுத்து வைத்து, முடிச்சைப் போட்டாள்.

அன்று பொழுது சாய்ந்து மக்ரிபுக்கு அம்மா ஸ்டூலை இடது கையால் தானே இழுத்துப் போட்டுக்கொண்டாள்.